மினிமம் பேலன்ஸ் அபராதம்: ‘ஏன் பிடித்தீர்கள்?’ என்பதைவிட ‘எந்த விதிப்படி?’ என்று கேளுங்கள்!

சேமிப்புக் கணக்கிலிருந்து வங்கி பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? முடியும். ஆனால், கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

புதுச்சேரி, சாரம் பகுதியிலிருந்து ஒரு வாசகி அனுப்பியிருக்கும் கேள்வி இது.

‘‘வில்லியனூர் பக்கம் என் பெயரில் ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. மாடு வாங்கக் கடன் எடுத்தபோது, டவுனில் உள்ள ஒரு தனியார் வங்கியில் சேமிப்புக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார்கள். கடன் அடைந்து மூன்று வருடம் ஆகிறது. அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இந்தத் தடவை பி.எம்.கிசான் பணம் 2,000 ரூபாய், வழக்கமான கணக்குக்கு வராமல் அந்தக் கணக்கில் விழுந்துவிட்டது. எடுக்கப் போனால் 820 ரூபாய்தான் இருக்கிறது என்கிறார்கள். ‘மினிமம் பேலன்ஸ் வைக்கவில்லை, கணக்கு மைனஸில் இருந்தது, பணம் வந்ததும் சிஸ்டம் எடுத்துக்கொண்டது’ என்று பதில் சொல்கிறார்கள். எனக்கு ஒரு தகவலும் வரவில்லை. இது நியாயமா?’’

உர மூட்டை வாங்க வைத்திருந்த பணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. இந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல வேண்டுமானால், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி போட்டிருக்கும் விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மைனஸ் வேறு, ஓவர்டிராஃப்ட் வேறு

கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாகப் பணம் எடுத்துக்கொள்ள வங்கி அனுமதிப்பதுதான் ஓவர்டிராஃப்ட். இது நீங்கள் கேட்டு வாங்கும் கடன். எடுத்த தொகைக்கு வட்டி உண்டு. 2014 ஆகஸ்ட் 28-இல் தொடங்கப்பட்ட ஜன் தன் திட்டக் கணக்குகளில் இந்த வசதி இருக்கிறது. முதலில் 5,000 ரூபாயாக இருந்த உச்சவரம்பு, 2018-இல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் 2,000 ரூபாய் வரை நிபந்தனை இல்லாமல் கொடுக்கலாம்.

மைனஸ் என்பது நீங்கள் கேட்காமல் வருவது. பணம் குறைவாக இருக்கிறது என்று வங்கி அபராதம் போடுகிறது. அபராதத்தை எடுக்கக் கணக்கில் பணம் இல்லாததால், கணக்கு பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்குகிறது. அடுத்து வரும் உதவித்தொகையோ, பால் பணமோ முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பப் போகிறது. ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதவர் கடன்காரர் ஆகிறார். சிறு விவசாயிகளுக்கும் வங்கிக்கும் நடக்கும் தகராறுகளில் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

ரிசர்வ் வங்கி சொன்ன நான்கு விஷயங்கள்

மினிமம் பேலன்ஸ் எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அந்தந்த வங்கிக்கு உண்டு. ஆனால், அபராதம் போடும் முறைக்கு 2014 நவம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் சாரம் இதுதான்.

1. பணம் குறைந்ததும் நேரடியாக அபராதம் போடக் கூடாது. எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல், கடிதம் போன்ற வழிகளில் தெளிவாகத் தகவல் சொல்ல வேண்டும். சொன்ன தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் பணத்தைச் சரிசெய்யாவிட்டால் மட்டுமே அபராதம்.

2. அபராதம், குறையும் தொகைக்கு ஏற்ப இருக்க வேண்டும். 5,000 ரூபாய் இருக்க வேண்டிய கணக்கில் 4,500 ரூபாய் வைத்திருப்பவரையும் 50 ரூபாய் வைத்திருப்பவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 500 ரூபாய் குறைந்தவருக்குக் குறைவாகவும், 4,950 ரூபாய் குறைந்தவருக்குக் கூடுதலாகவும்தான் வர வேண்டும்.

3. கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும். சேவைக்கு ஆகும் சராசரிச் செலவுக்குப் பொருந்தாத தொகையாக இருக்கக் கூடாது.

4. மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் பணம் போடாமல், எடுக்காமல் இருந்தால் அது ‘செயல்படாத கணக்கு’. அப்படி வகைப்படுத்தப்பட்ட கணக்குக்கு மினிமம் பேலன்ஸ் அபராதம் போடக் கூடாது என்று 2014 மே மாதமே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அந்தக் கணக்கை மறுபடி இயக்கத்துக்குக் கொண்டுவரவும் கட்டணம் கேட்கக் கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய உத்தரவும் இதை உறுதி செய்கிறது.

சாரம் வாசகி செய்ய வேண்டியது, கடந்த மூன்று வருட ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்குவது. அதில் எந்தத் தேதியில், எந்தப் பெயரில், எவ்வளவு பிடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போயிருந்தால், அது நான்காவது விதிக்கு விரோதம். முன்தகவல் வராமல் பிடித்திருந்தால், முதல் விதிக்கு விரோதம். கணக்கு செயல்படாத நிலைக்குப் போன பிறகும் அபராதம் போட்டிருந்தால், அதுவும் தவறு. ஏ.டி.எம். கார்டின் வருடாந்திரக் கட்டணம் போன்றவை இதில் கலந்திருந்தால், அவற்றைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன நான்கு விதிகளும் மினிமம் பேலன்ஸ் அபராதத்துக்கு மட்டும்தான்.

உதவித்தொகை ஏன் வேறு கணக்கில் விழுகிறது?

ஆதார் அடிப்படையில் அனுப்பப்படும் அரசுப் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு பதிவாகியிருக்கிறதோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். நகைக்கடன், வண்டிக்கடன், குழுக்கடன் என்று எதற்காகவோ கையெழுத்துப் போடும்போது ஆதாரையும் இணைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு அரசுப் பணம் புதுக் கணக்குக்குத் திரும்பிவிடுகிறது. எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலோ, பொதுச் சேவை மையத்திலோ பார்த்துக்கொள்ளலாம். மாற்ற வேண்டுமானால், எந்தக் கணக்குக்குப் பணம் வர வேண்டுமோ அந்த வங்கியில் எழுதிக் கொடுத்தால் போதும்.

புதுச்சேரி மக்களுக்கு இது புதிய பிரச்னை இல்லை. ரேஷன் பொருளுக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் திட்டம், நாட்டிலேயே முதன்முதலாக 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும்தான் தொடங்கியது. அரிசிக்கான பணம் வங்கி வழியாக வரும்போது, அந்தக் கணக்கில் பிடிக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் சோற்றில் பிடிக்கப்படுவதுதான்.

தமிழ்நாட்டிலும் இதே கதை நடந்தது. 2023 செப்டம்பர் 15-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. 1,000 ரூபாய் வந்த சில நாள்களிலேயே, மினிமம் பேலன்ஸ் இல்லை என்று சில வங்கிகள் அந்தப் பணத்தைப் பிடித்துக்கொண்டதாகப் புகார்கள் எழுந்தன. உரிமைத் தொகையில் வங்கிகள் கை வைக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

முதல் கணக்கு திறந்த ஊர்

இன்னொரு விஷயத்திலும் புதுச்சேரிக்குத் தனி இடம் உண்டு. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த மங்கலம் கிராமம்தான், வீட்டுக்கு வீடு வங்கி வசதி கிடைத்த இந்தியாவின் முதல் கிராமம் என்று சொல்லப்படுகிறது. 2005-இல் இந்தியன் வங்கி இதைச் செய்தது. அப்போது அந்த வங்கியின் தலைவராக இருந்த கே.சி.சக்ரவர்த்தி, பிற்காலத்தில் ரிசர்வ் வங்கியின் துணை கவர்னர் ஆனார்.

அதே 2005 நவம்பரில்தான், பணமே இல்லாமல் அல்லது மிகக் குறைந்த பணத்தோடு ஆரம்பிக்கும் எளிய கணக்கைக் கொடுக்கும்படி எல்லா வங்கிகளையும் ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டது. 2012 ஆகஸ்ட்டில் அது ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’ என்று மாறியது. மக்கள் ‘ஜீரோ பேலன்ஸ் அக்கவுன்ட்’ என்று சொல்வது இதைத்தான்.

அபராதத்தில் சேர்ந்த கோடிகள்

பாரத ஸ்டேட் வங்கி 2012-இல் கைவிட்ட மினிமம் பேலன்ஸ் அபராதத்தை 2017 ஏப்ரலில் மறுபடி கொண்டுவந்தது. அந்த ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான எட்டு மாதத்தில் அபராதமாக மட்டும் 1,771 கோடி ரூபாய் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலை - செப்டம்பர் காலாண்டில் அந்த வங்கியின் நிகர லாபமே சுமார் 1,580 கோடிதான். இந்தக் கணக்கு வெளியே வந்ததும் நாடு முழுக்கக் கண்டனம் எழுந்தது. 2018 ஏப்ரலில் அபராதத்தைப் பெருமளவு குறைத்தார்கள். 2020 மார்ச்சில் எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் அடியோடு நீக்கினார்கள்.

மற்ற அரசு வங்கிகள் விடவில்லை. 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து வருடத்தில் பொதுத்துறை வங்கிகள் சுமார் 8,500 கோடி ரூபாயை இந்த வகையில் பிடித்ததாக 2024-இல் நாடாளுமன்றத்தில் அரசே பதில் சொன்னது. 2025-இல்தான் காற்று திசை மாறியது. ஜூன் மாதம் கனரா வங்கியும், ஜூலையில் பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி போன்றவையும் இந்த அபராதத்தைக் கைவிட்டன.

தனியார் வங்கிகளில் நிலைமை வேறு. 2025 ஆகஸ்ட்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, நகரங்களில் புதிதாகத் தொடங்கும் கணக்குகளுக்கு மாதச் சராசரி 50,000 ரூபாய் வேண்டும் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும், சில நாள்களில் 15,000 ஆகக் குறைத்தது. இதில் தலையிட முடியாது, அது வங்கியின் முடிவு என்பதுதான் ரிசர்வ் வங்கி கவர்னர் சொன்ன பதில்.

இதில் கிராமத்தார் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மினிமம் பேலன்ஸ் தொகை, கிளை இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஒரே வங்கியாக இருந்தாலும், சாரம் காமராஜர் சாலையில் உள்ள நகரக் கிளைக்கு ஒரு தொகை, கிராமக் கிளைக்கு அதைவிடக் குறைந்த தொகை என்று இருக்கும். பாகூரிலோ திருக்கனூரிலோ இருந்துகொண்டு டவுன் கிளையில் கணக்கு ஆரம்பித்தால், டவுன் விதிதான் பொருந்தும். ஊருக்குப் பக்கத்துக் கிளைக்குக் கணக்கை மாற்றித் தரக் கேட்கலாம்.

பெரிய தேசத்திலும் இதே சண்டை

இங்கிலாந்தில் ஓவர்டிராஃப்ட் கட்டணம் அநியாயம் என்று லட்சக்கணக்கானவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். நுகர்வோர் நலனுக்கான அரசு அமைப்பே வங்கிகள் மீது வழக்குப் போட்டது. 2009 நவம்பர் 25-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வங்கிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கட்டணம் சேவைக்கான விலையின் ஒரு பகுதி, அது நியாயமான விலையா என்று அந்தச் சட்டப் பிரிவின் கீழ் ஆராய முடியாது என்பது தீர்ப்பின் கருத்து. பிறகு கட்டுப்பாட்டு அமைப்பு புதிய விதி போட்டு, 2020 ஏப்ரலில்தான் அந்த நிலைக் கட்டணங்கள் ஒழிந்தன.

நமக்கு இதில் பாடம் இருக்கிறது. ‘கட்டணம் அதிகம்’ என்று வாதாடினால், ‘அது எங்கள் வியாபார முடிவு’ என்று வங்கி தப்பித்துக்கொள்ளும். வங்கிக் குறைதீர்ப்பாளரும் வியாபார முடிவுகளுக்குள் நுழைய மாட்டார். ‘விதிப்படி தகவல் கொடுத்தீர்களா, எந்தத் தேதியில்? கணக்கு எப்படி மைனஸுக்குப் போனது?’ என்று கேட்டால், வங்கி ஆதாரம் காட்டியே ஆக வேண்டும்.

புகார் செய்வது எப்படி?

முதல் படி, கிளை மேலாளருக்கு எழுத்து மூலமான கடிதம். வாய்வார்த்தை உதவாது. தமிழிலேயே எழுதலாம். இப்படி இருந்தால் போதும்:

‘‘எனது சேமிப்புக் கணக்கில் … தேதியில் … ரூபாய் மினிமம் பேலன்ஸ் கட்டணமாகப் பிடிக்கப்பட்டுள்ளது. இதற்கு ஒரு மாதம் முன்பு தகவல் அனுப்பியதற்கான ஆதாரத்தைத் தரவும். இந்தக் கட்டணத்தால் என் கணக்கு மைனஸுக்குச் சென்றுள்ளது. இது ரிசர்வ் வங்கியின் 20.11.2014 தேதியிட்ட சுற்றறிக்கைக்கு முரணானது. பிடித்த தொகையை ஜி.எஸ்.டி-யுடன் திருப்பி வரவு வைக்கவும்.’’

நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஸ்டேட்மென்ட்டில் அந்த வரிகளை அடிக்கோடிட்டு இணையுங்கள்.

இரண்டாவது படி, 30 நாள் பொறுங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் புகார் செய்யலாம். 2021 நவம்பர் 12-இல் இந்தத் திட்டம் தொடங்கியது. ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். இணையதளத்தில் பதியலாம். இணையம் பழக்கமில்லாதவர்கள், சண்டிகர் செக்டர் 17, பின்கோடு 160 017-இல் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். விவரம் கேட்க 14448 என்ற இலவச எண். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஆனால், வங்கியிடம் முதலில் புகார் செய்யாமல் நேராகப் போனால் ஏற்க மாட்டார்கள்.

மூன்றாவது, மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். சில நூறு ரூபாய்க்கு அலைவதைவிட, முதல் இரண்டு படிகளையும் ஒழுங்காகச் செய்து பார்ப்பது லாபம்.

கூட்டுறவு கடன் சங்கத்தில் தகராறு என்றால் வழி வேறு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கம் வங்கி அல்ல. அங்கே பிரச்னை வந்தால் கூட்டுறவு சங்கங்களின் பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும்.

இனி வராமல் தடுக்க

அறுவடைக்கு அறுவடை பணம் பார்க்கும் குடும்பத்துக்கு, மாதாமாதம் ஒரே அளவில் பணம் நிறுத்தி வைப்பது நடக்காத காரியம். அடிப்படைச் சேமிப்புக் கணக்குதான் தீர்வு. எல்லா வங்கிகளும் இதைத் தர வேண்டும், தனியார் வங்கிகளும்தான். ஏற்கெனவே இருக்கும் சாதாரணக் கணக்கையே இதற்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுக்கலாம். மினிமம் பேலன்ஸ் இல்லை. ஏ.டி.எம். கார்டுக்கு வருடக் கட்டணம் இல்லை. பணம் போட வரம்பு இல்லை. மாதம் நான்கு முறை பணம் எடுப்பது இலவசம். அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

இந்தக் கணக்கிலும் கண்காணிப்பு தேவை. நான்கு முறைக்கு மேல் செய்த ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 17 ரூபாய் 70 காசு என்று பாரத ஸ்டேட் வங்கி பிடித்து வந்தது. யு.பி.ஐ. போன்ற டிஜிட்டல் பரிவர்த்தனைகளுக்கும் இது போடப்பட்டதை மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆசிஷ் தாஸ் கணக்குப் போட்டு வெளியே கொண்டுவந்தார். 2020 ஜனவரி 1-க்குப் பிறகு டிஜிட்டல் பரிவர்த்தனைகளுக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் மத்திய நேரடி வரிகள் வாரியம் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. பணம் திரும்பியது. 17 ரூபாய்தானே என்று எல்லோரும் விட்டிருந்தால் அது நடந்திருக்காது.

வாசகர்களின் மற்ற கேள்விகள்

‘மாதச் சராசரி இருப்பு’ என்றால் என்ன? தினமும் அந்தப் பணம் இருக்க வேண்டுமா?
வேண்டியதில்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் இருக்கும் தொகையைக் கூட்டி, நாள் கணக்கால் வகுப்பார்கள். சராசரி 5,000 ரூபாய் வேண்டும் என்றால், 30 நாள் மாதத்தில் 5 நாள் மட்டும் 30,000 ரூபாய் இருந்தாலே போதும். நெல் பணமோ, கரும்புப் பணமோ வந்தால், எடுப்பதற்கு முன்பு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மே மாதக் கடைசியில் 436 ரூபாயும், 20 ரூபாயும் பிடித்திருக்கிறார்கள். இது என்ன அபராதம்?
அபராதம் இல்லை. 436 ரூபாய் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கும், 20 ரூபாய் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்குமான வருடப் பிரீமியம். ஒவ்வொன்றுக்கும் 2 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. நீங்கள் சம்மதித்துச் சேர்ந்திருந்தால் தொடருங்கள், வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். சம்மதிக்கவே இல்லை என்றால், கையெழுத்துப் போட்ட படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த வருடம் பிடிக்க மாட்டார்கள்.

கிசான் கிரெடிட் கார்டு கடனுக்கு ஆய்வுக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?
3 லட்சம் ரூபாய் வரையிலான கிசான் கிரெடிட் கார்டு கடனுக்குப் பரிசீலனை, ஆவணம், ஆய்வு போன்ற கட்டணங்களைத் தள்ளுபடி செய்யும்படி 2019 பிப்ரவரியில் வங்கிகளுக்கு அறிவுறுத்தப்பட்டிருக்கிறது. எந்தத் தலைப்பில் கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள்.

பயன்படுத்தாத கணக்கை அப்படியே விட்டுவிடலாமா?
விடாதீர்கள். ஆதார் இணைப்பை முதலில் தேவையான கணக்குக்கு மாற்றுங்கள். பிறகு பழைய கணக்கை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, மூடியதற்கான ஒப்புதலை வாங்குங்கள். ஒரு குடும்பத்தில் நான்கு பாஸ்புக் இருந்தால், நான்கையும் மாதம் ஒரு தடவை பதிந்து, ஒவ்வொரு வரியையும் படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத வரி ஒன்று இருந்தாலும், அடுத்த நாளே வங்கியில் கேளுங்கள். நாள் தள்ளத் தள்ளத் தகவல் அனுப்பிய ஆதாரம் தேடுவது வங்கிக்கும் கடினம், உங்களுக்கும் கடினம்.